மலையை வலம் வந்த கியர்பாக்ஸ்

எனக்கு வாய் ஜாஸ்தி. திண்டிவனம் சாலையில் என் லேத் பட்டறைக்கு ஒரே ஒரு தடவை வந்து போனவர்களுக்கும் இது தெரியும். வள்ளியைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் என் கோபமும் நடுநடுவே தலை நீட்டும்; பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் பரசுராமன். அவளுடைய ஷெட்டுக்கும் என் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவள் சுத்தியலைக் கீழே போட்டால் இந்தப் பக்கம் என் டீ டம்ளர் ஆடும்.

வள்ளி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மெக்கானிக். கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொண்டு ஓடும் கார்கள் இருக்கின்றனவே, அவற்றின் வயிற்றைப் பிரித்துச் சேர்ப்பவள். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பா அம்மா நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு கியர்பாக்ஸ் பட்டறையில் சேர்ந்தாள். பொம்பளைப் பிள்ளை என்று சாமான் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். எந்த வண்டிக்கு எந்தச் சாமான் திரும்பத் திரும்பப் போகிறது என்று பார்த்துப் பார்த்தே எந்த வண்டியில் என்ன கோளாறு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஆறு மாதத்தில் மேஜையை விட்டு எழுந்து வண்டிக்கு அடியில் போய்விட்டாள். ஒன்பது வருஷம் அங்கே.

அவள் வீட்டுக்காரர் காசி, ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல். வெள்ளைக்காரர்களுக்கு நூடுல்ஸும் சூப்பும் செய்து போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் சோறு கேட்கிற மனுஷன். அவருக்காகத்தான் ஊருக்குத் திரும்பினாள். ஆசிரமத்துக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஆட்டோமேட்டிக் கார்களில்தான் வருகிறார்கள். செங்கம் ரோட்டில் ஒன்று படுத்துவிட்டால் முன்பெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். அந்த லாரியைப் பார்த்துத்தான் அவளுக்கு ஷெட் போடுகிற தைரியம் வந்தது. முதல் இரண்டு மாதம், ஒரு பொம்பளை கியர்பாக்ஸ் பிரிக்கிறாளாம் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஜாஸ்தி, வேலை கொடுத்தவர்கள் கம்மி. நானும் தகரத்தில் இருந்த ஓட்டை வழியாகப் பார்த்தவன்தான். மறைக்க என்ன இருக்கிறது?

இந்தக் கியர்பாக்ஸுக்குள் நடப்பதை எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். உள்ளே கிளட்ச் தட்டுகள் அடுக்காக இருக்கின்றன. அவற்றை இறுக்கிப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம். பிரஷர் கம்மியாக இருந்தால் தட்டு வழுக்கும்; இன்ஜின் உறுமும், வண்டி நகராது. பிரஷர் ஜாஸ்தியாக இருந்தால் ஒவ்வொரு கியர் மாறும்போதும் முதுகில் ஓர் அறை விழும், போகப் போக உள்ளே ஏதாவது உடையும். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைப் பிடிப்பதுதான் வள்ளியின் வேலை. ஒரு ஸ்பிரிங்கை மாற்றுவாள், அதற்கு அடியில் காகிதம் போல ஒரு மெல்லிய வாஷர் வைப்பாள். அந்த வாஷர்களைக் கடைந்து கொடுப்பவன் நான்.

செட்டிங் முடிந்ததும் கியர்பாக்ஸில் ஒரு துளையில் நீளமான குழாயைப் பூட்டி, ஜன்னல் வழியாக வண்டிக்குள் கொண்டுவந்து, பிரஷர் காட்டும் கேஜை என் மடியில் வைப்பாள். அவள் ஓட்டுவாள். நான் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். எங்கே ஓட்டுவோம்? மலையைச் சுற்றித்தான், கிரிவலப் பாதையில். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பதினாலு கிலோமீட்டர், ஏற்ற இறக்கம், திருப்பம், நின்று கிளம்புவது எல்லாம் கிடைத்துவிடும். நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், நல்ல இடம் பார்த்து மட்டும் மிதிப்பாள். பௌர்ணமி அன்று மட்டும் கிடையாது.

இதில் ஒரு சட்டம் உண்டு. அந்தச் சட்டம் போட்டவன் நான். வலமாகத்தான் போக வேண்டும். மலை எப்போதும் நம் வலது கைப்பக்கம். ஷெட் போட்ட புதிதில் ஒரு நாள் அவள் காஞ்சி ரோடு வழியாக எதிர்ப்பக்கம் வண்டியை விட்டாள்.

"யம்மா, நிறுத்து! மலைய இடமா சுத்துவியா? இன்னா பழக்கம் இது?" என்று கத்தினேன்.

"அண்ணா, பால் வண்டி, ஸ்கூல் பஸ்ஸுலாம் அப்படித்தான தெனமும் போகுது?"

"அவங்க பொழப்புக்குப் போறாங்க. நாம சுத்தறதுக்குன்னே போறோம். ரெண்டும் ஒண்ணா? திருப்பு வண்டிய."

சிரித்துக்கொண்டே திருப்பினாள். அன்றிலிருந்து ஏழு வருஷம், நூறு வண்டிக்கு மேல், எல்லாம் வலம்தான். வாடிக்கைக்காரர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. மலை சுற்றிவிட்டு வந்த வண்டி என்று பெருமையாக வாங்கிக்கொண்டு போவார்கள்.

போன வருஷம் சித்திரையில் இளஞ்செழியன் வந்தார். கால்நடை ஆய்வாளர். கிராமம் கிராமமாகப் போய் மாட்டுக்கு ஊசி போடுகிறவர். நான் அவரை டாக்டரு என்றுதான் கூப்பிடுவேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் பைக் விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால். கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் இருபது வயதான ஒரு ஜப்பான் கார், ஆட்டோமேட்டிக், வைத்திருந்தார். பின் சீட்டில் தடுப்பூசிப் பெட்டி, டிக்கியில் கயிறு, வண்டி முழுக்க மாட்டுக்கொட்டகை வாசனை.

"வள்ளிம்மா, இத்த ரேஸுக்கு ரெடி பண்ணணும்" என்றார்.

நான் இந்தப் பக்கம் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விஷயத்தைச் சொன்னார். சென்னைக்கு வெளியே ஒரு கிளப் நடத்துகிற கார் பந்தயம். சொந்த வண்டியோடு யாரும் வரலாம். முதலில் தனியாக இரண்டு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். மூன்று நிமிஷம் பத்து நொடிக்குள் முடித்தால் பட்டியலில் பேர் ஏறும். இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் இந்த வருஷம் அவ்வளவுதான்.

"போன்ல பேசனப்ப அங்க ஒருத்தர் சொன்னாரு, உங்கள மாதிரி ஆளுங்களுக்குத் தனியா ஒரு ரவுண்டு விடறோம், டைம்லாம் கெடையாது, ஜாலியா ஓட்டிட்டுப் போங்கன்னு. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. எட்டு வருஷமா பஸ்ஸுல எழுந்து எடம் குடுக்கறான், கியூல முன்னாடி விடறான். நல்ல மனசுதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு எடத்துலயாவது எல்லாருக்கும் இன்னா கணக்கோ எனக்கும் அதே கணக்கு வேணும் வள்ளிம்மா."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வள்ளி வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "கியர் டக்கு டக்குன்னு மாறணும். அவ்ளோதான சார்? விட்டுட்டுப் போங்க" என்றாள்.

பத்து நாள் வேலை. தட்டுகள் புதுசு, எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல்கள் புதுசு. சும்மா நிற்கும்போது நாலரை கிலோ, முழுசாக மிதித்தால் பதிமூன்று கிலோ என்று பிரஷரைக் கட்டினாள். மலையைச் சுற்றினோம். கியர் மாறுவது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருந்தது. நான் நோட்டில் எழுதிய எண்கள் ஒன்றுகூடச் சறுக்கவில்லை.

வைகாசியில் முதல் வாய்ப்பு. மூன்று பேரும் போனோம். முதல் பாதி அருமையாகப் போனது. அந்த ஓட்டப்பாதையின் கடைசியில் நீளமாக ஒரு வளைவு. அங்கே போனதும் இன்ஜின் கத்திற்று, வண்டி தொய்ந்தது. நேர்ப்பாதைக்கு வந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது. இரண்டாவது சுற்றிலும் அதே வளைவில் அதே கதை. மூன்று நிமிஷம் முப்பத்தொரு நொடி. இளஞ்செழியன் இறங்கி வந்து, "வழுக்குது வள்ளிம்மா" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியில் சத்தமே இல்லை. நான்கூட வாயைத் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாய்ப்புக்கு மூன்று வாரம் இருந்தது. வழுக்கினால் பிரஷர் பற்றவில்லை என்று அர்த்தம். கியர்பாக்ஸ் தொழிலில் முதல் பாடம் அது. வள்ளி பதிமூன்றைப் பதினைந்து ஆக்கினாள். மலை சுற்றினோம், சரியாக இருந்தது. இளஞ்செழியன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதைக்குப் பயிற்சிக்குப் போனார். அதே வளைவில் வழுக்கிற்று. பதினாறரை ஆக்கினாள். என்னிடம் தடிமனான ஸ்பிரிங்காகச் சுருட்டித் தரச் சொன்னாள். இப்போது கியர் மாறும்போதெல்லாம் முதுகில் ஒரு குத்து. வேட்டவலம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு அம்மா வண்டியில் ஏறி அடுத்த தெருவிலேயே இறங்கிக்கொண்டு, "மாடு முட்டற மாதிரி இருக்குது டாக்டரே, நான் நடந்தே வரேன்" என்று சொல்லிவிட்டார்களாம்.

பதினேழு ஆக்கிய மறுநாள் வண்டி நடுவழியில் நின்றது. உள்ளே ஒரு சீல் பிளந்து எண்ணெய் முழுக்க ரோட்டில். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வாய்ப்புக்கு எட்டு நாள்தான் பாக்கி.

வள்ளி அன்றைக்குச் சாப்பிடவில்லை. "இதுக்கு மேல ஏத்தறதுக்கு எடமில்லண்ணா. ஏத்தினா ஒடையுது, ஏத்தலன்னா வழுக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. அவர எங்கியாவது பெரிய எடத்துக்குப் போகச் சொல்லிடட்டுமா?" என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். ஆறுதல் சொல்லத் தெரியாத ஜென்மம் நான். "போய் மொதல்ல சாப்பிடு, அப்பறம் அழு" என்று அதட்டினேன்.

இளஞ்செழியன் போவதாக இல்லை. தரையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சாக்பீஸ் வாங்கி, ஷெட்டுத் தரையில் அந்த ஓட்டப்பாதையை வரைந்தார். "எங்க வழுக்குதுன்னு ஒரு தடவ ஒழுங்கா பாத்துடலாம்" என்றார். ஒரு பழைய நட்டை எடுத்துக் கார் என்று வைத்துக்கொண்டு கோட்டின் மேல் மெதுவாகத் தள்ளினார். நேராகப் போய், இடது பக்கம் திரும்பி, மறுபடியும் இடது பக்கம் திரும்பி, அந்த நீள வளைவில் இடமாகவே சுற்றிக்கொண்டு வந்தார்.

எனக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. ஏற்கெனவே நேரம் சரியில்லை, இதில் இது வேறா என்று ஆத்திரம்.

"ஏன் டாக்டரே, சுத்தறதுதான் சுத்தற, நல்லதா வலமா சுத்தக்கூடாதா? இன்னா இது அப்பிரதட்சணமா போய்க்கினே இருக்கற?"

"நான் இன்னா பண்றது பரசுண்ணா? அங்க பாதையே அப்படித்தான். எல்லாம் இடது திருப்பம்தான்."

வள்ளி கையில் இருந்த துணி கீழே விழுந்தது. அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓடிப்போய் என் நோட்டை எடுத்துப் புரட்டினாள். செங்கம் ரோட்டுத் திருப்பம், வலது. காஞ்சி ரோட்டுத் திருப்பம், வலது. ஊருக்குள் வந்து சேருகிற இடம், வலது. மலையை வலம் வருகிறவன் எங்கே இடது பக்கம் மிதித்துத் திரும்புவான்? ஏழு வருஷமாக ஒரு வண்டியைக்கூட நாங்கள் இடது பக்கம் வேகமாகத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

"அண்ணா," என்றாள், "பிரஷர் கம்மியா இல்ல. எண்ணெயே வர்ல."

எனக்குப் புரியவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் வண்டி ஒரு பக்கம் திரும்பும்போது நாம் மறுபக்கம் சாய்வோமே, உள்ளே இருக்கும் எண்ணெயும் அப்படித்தான் என்று விளக்கினாள். வலது பக்கம் திரும்பினால் எண்ணெய் இடது பக்கம் ஒதுங்கும். இடது பக்கம் திரும்பினால் வலது பக்கம் ஓடிவிடும். இந்தக் காருக்கு எண்ணெயை உறிஞ்சி வடிகட்டுகிற கம்பெனி ஃபில்டர் கிடைக்கவில்லை என்று சென்னையிலிருந்து வேறு ஒன்று வரவழைத்திருந்தாள். ஸ்க்ரூ எல்லாம் சரியாக உட்கார்ந்தது. ஆனால் பழையதற்கு எண்ணெய் உறிஞ்சும் வாய் நடுவில். புதியதற்கு இடது ஓரத்தில்.

"போடறப்பவே பாத்தேன்ணா. மலை சுத்தினோம், ஒண்ணும் ஆகல. அதோட விட்டுட்டேன்."

அந்தச் சாயங்காலமே பிளந்த சீலை மாற்றினாள். மறுநாள் காலை கீழ்பென்னாத்தூர் பக்கம் வறண்டு கிடந்த ஓர் ஏரிக்குள் வண்டியை இறக்கினோம். கேஜ் என் மடியில். வலமாக வட்டம் போட்டாள். முள் அசையவில்லை. "இப்பப் பாருண்ணா" என்று இடமாக ஒடித்தாள். பத்தில் நின்ற முள் மூன்றுக்கு விழுந்தது. இன்ஜின் ஓவென்று கத்திற்று. அந்த ஓட்டப்பாதையில் கேட்ட அதே சத்தம்.

வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். பிறகு இறங்கி, கரையில் நின்றிருந்த இளஞ்செழியனிடம் நேராகப் போனாள்.

"சார், உங்க வண்டில ஒண்ணும் இல்ல. தப்பு என்னுது. எடது பக்கம் திருப்பிப் பாக்காமயே நல்லாருக்குன்னு சொல்லிக் குடுத்துட்டேன். உங்க மொத வாய்ப்பு என்னாலதான் போச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவளுக்கு இன்னா தெரியும்? இடமா போகக் கூடாதுன்னு நூறு தடவ கத்தனவன் நான். திட்டறதுன்னா என்னத் திட்டு" என்றேன். என் வாழ்க்கையில் நான் தானாக முன்வந்து ஒப்புக்கொண்ட தப்புகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "திட்டலாம்தான். ஆனா இன்னும் ஏழு நாள் இருக்குதே. சரி பண்ண முடியுமா, முடியாதா? அத்த மொதல்ல சொல்லுங்க."

முடியும் என்றாள். சேம்பர் என்று சொல்கிற எண்ணெய்த் தட்டைக் கழற்றினாள். ஃபில்டரின் வாயைச் சுற்றித் தகட்டில் ஒரு சின்ன அறை கட்ட வேண்டும், அதற்கு ஒரு குட்டிக் கதவு வேண்டும் என்றாள். எலிப்பொறிக் கதவு மாதிரி; எண்ணெய் உள்ளே வரலாம், வெளியே போகக் கூடாது. மூன்று தடவை செய்து மூன்று தடவை தூக்கிப் போட்டேன். முதல் கதவு ஒட்டிக்கொண்டது, இரண்டாவது ஆடிற்று, மூன்றாவதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. நாலாவது விரலால் தொட்டாலே திறந்து, விட்டதும் மூடிற்று. வள்ளி பதினேழு கிலோவைத் திரும்பப் பதிமூன்றுக்கு இறக்கினாள். என் தடிமன் ஸ்பிரிங்கைக் கையில் கொடுத்து, "இந்தாங்கண்ணா, உங்க முட்டற மாடு" என்றாள். அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

இனி பார்த்துவிட வேண்டியதுதான் என்று கிளம்பினால், முந்தின நாள் இரவு கோடை மழை கொட்டியிருந்தது. ஏரிக்குள் சேறு. வண்டி இறங்காது. மறுநாள் சென்னைக்குப் போக வேண்டும். மூன்று பேரும் ஷெட் வாசலில் நின்றோம். மூன்று பேர் மனதிலும் மலையைச் சுற்றும் ரோடுதான் இருந்தது. அந்தத் திருப்பங்கள் ஒவ்வொன்றுக்கும் என் நோட்டில் ஒரு மாதத்துக் கணக்கு இருக்கிறது. எதிர்ப்பக்கமாகப் போனால் இந்த எண்ணையும் அந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். வள்ளி என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். நான் வேண்டாம் என்றால் அவள் போகமாட்டாள். அது எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. ஐம்பத்தாறு வயதில் இது என்ன பயம் என்று கேட்காதீர்கள், இருந்தது. இளஞ்செழியன் செயற்கைக் காலை லேசாக மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். மூன்று வாரமாக இந்த மனுஷன் எங்களை ஒரு சொல் திட்டவில்லை. அதை நினைத்தபோது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கேஜை எடுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க? ஏறுங்க. காஞ்சி ரோட்டுப் பக்கமா விடு வள்ளி."

"அண்ணா..."

"மலைக்கு நாம எந்தப் பக்கம் வரோம்னு தெரியும், எதுக்கு வரோம்னும் தெரியும். விடு."

மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அது என் இடது கைப்பக்கம் இருந்தது. காஞ்சி ரோட்டில் இருந்து திரும்பும் இடத்தில் வள்ளி மிதித்தாள். முள் பத்தரை. நோட்டில் வலது திருப்பத்துக்கு எழுதியிருந்ததும் பத்தரை. அடி அண்ணாமலை தாண்டி வளைவில் பதினொன்று. செங்கம் ரோட்டில் வந்து சேருகிற திருப்பத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நன்றாகவே ஒடித்தாள். பதினொன்றே கால். விழவில்லை. நான் எண்களைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல, பின் சீட்டிலிருந்து இளஞ்செழியன் ஒவ்வொன்றுக்கும் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் கண் கலங்கி முள்ளே தெரியவில்லை. கடைசி எண்ணை அவரேதான் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் முறை. வண்டியில் ஏறியதும் செயற்கைக் காலைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பிரேக் மிதியில் இடித்துக்கொண்டே இருக்கிறதாம். "இத்தக் கொஞ்சம் புடிங்கண்ணா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நானும் வள்ளியும் அந்த நீள வளைவுக்குப் பக்கத்தில் வேலியோரம் நின்றோம். கடிகாரத்தை நாங்கள் பார்க்கவில்லை. அந்த இடத்தில் என்ன சத்தம் வருகிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டும்.

வண்டி வந்தது. இடது பக்கம் திரும்பி வளைவுக்குள் நுழைந்தது. வள்ளி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கியர் மாறிற்று. ஒரு சின்னத் தட்டு, அவ்வளவுதான். இன்ஜின் கத்தவில்லை. வளைவு முழுக்க ஒரே பிடி, ஒரே சத்தம், எங்களைத் தாண்டி நேர்ப்பாதைக்குப் போய்விட்டது. இரண்டாவது சுற்றில் இன்னும் வேகம். வள்ளி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். "அழாதம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று சொன்ன நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், கையில் காலைப் பிடித்துக்கொண்டு.

மூன்று நிமிஷம் ஏழு நொடி. ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பேரைச் சொன்னார்கள், வண்டி எண்ணைச் சொன்னார்கள், பட்டியலில் பதினெட்டு என்றார்கள். வேறு எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. முன்னால் வந்த பதினேழு பேருக்குச் சொன்ன மாதிரியே சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் இறங்கவே இல்லை. இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. பக்கத்தில் பேர் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு நின்ற கிளப் ஆளிடம் கேட்டார்:

"எல்லாரும் முடிச்சப்பறம் இன்னொரு ரவுண்டு போலாமா சார்?"

"டைம் எடுத்தாச்சே சார். நீங்க பாஸு."

"டைமுக்கு இல்ல. இவ்ளோ நாளா கியர்பாக்ஸ் சத்தத்தையே கேட்டுக்கினு ஓட்டிட்டேன். ஒரே ஒரு தடவ வண்டி ஓட்டிப் பாத்துக்கறேன்."

அந்த மனுஷன் சிரித்துவிட்டார். பதினோரு மணிக்குப் பாதை காலியாகும், போங்கள் என்றார். வள்ளி குனிந்து வண்டிக்கு அடியில் கையை நீட்டிச் சேம்பரில் சூடு பார்த்தாள். "எண்ணெய் ஆறட்டும் சார். அதுவரைக்கும் தண்ணி குடிங்க" என்றாள்.

பதினோரு மணிக்கு அவர் போனார். நீளக் குழாய் வண்டியில் இல்லை, நோட்டு என் பையில் இருந்தது. அந்த வளைவுக்கு அவர் வந்தபோது வள்ளி காது கொடுத்துக் கேட்கவில்லை. வேலியின் மேல் கம்பியில் ஏறி நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் ஆட்டி, "போங்க சார், போங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள்.